நூற்றிருபது நாற்காலிகள்

கல்லூரியில் சேர்ந்தபோது, கேமராவுக்குப் பின்னால் நின்று உலகத்தையே புரட்டிப் போடப்போவதாக நினைத்திருந்தாள். கோடை விடுமுறைப் பயிற்சிக்குப் போன தொலைக்காட்சி நிலையத்தில் கொடுத்த வேலையோ நாற்காலிகளை நிரப்புவது. வாரம் ஒரு விவாத நிகழ்ச்சி, பார்வையாளர்களுக்கு நூற்றிருபது நாற்காலிகள். ஒன்று காலியாகத் தெரிந்தாலும் தயாரிப்பாளர் இவளைத்தான் தேடுவார். பெயர் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை, 'நாற்காலி' என்றே கூப்பிட்டார்கள். இவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

ஆறு வாரத்தில் ஆள் பாதியாகிவிட்டாள். வருகிறேன் என்றவர்களுக்கு போன் போட்டுக் கெஞ்ச வேண்டும். வந்தவர்களைச் சட்டை பார்த்து உட்கார வைக்க வேண்டும். பொடிக் கட்டம் போட்ட சட்டை கேமராவில் நெளியுமாம், அதைப் பின்வரிசைக்குத் தள்ள வேண்டும். கோபித்துக்கொண்டு கிளம்புகிறவர்களைக் காலைப் பிடிக்காத குறையாக நிறுத்த வேண்டும். வீட்டுக்குப் போனால் சாப்பிடும்போதே கண் சொக்கும்.

ஏழாவது வாரம் கடைசி நேரத்தில் பதினோரு பேர் கம்பி நீட்டிவிட்டார்கள். கேன்டீன் ஆட்கள், ஓட்டுநர்கள் என்று பத்து பேரை இழுத்து வந்துவிட்டாள். இரண்டாம் வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் பல்லை இளித்தது. வேறு வழியில்லாமல் அப்பாவுக்கு போன் செய்தாள்.

அப்பாவுக்கு பிஸ்கெட் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து அப்போதுதான் கேட்டைத் தாண்டியிருந்தார். வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டிய மனிதர், "டிவியிலயா? நானா?" என்று ஒரு முறை கேட்டார், அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் தலையில் தண்ணீர் தொட்டுப் படிய வாரிக்கொண்டு வந்து நின்றார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. நிகழ்ச்சி தொடங்கும் முன்பே பார்வையாளர்களைத் தனியாகப் படம் பிடித்துவிடுவார்கள். சிரி என்றால் சிரிக்க வேண்டும், கைதட்டு என்றால் தட்ட வேண்டும், எதற்கு என்று கேட்கக்கூடாது. பின்னால் யாரோ எதையோ பேசும்போது அதை எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். அப்பா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொன்னதையெல்லாம் செய்தார். கண்ணைத் துடைக்கச் சொன்னபோது நிஜமாகவே கைக்குட்டையை எடுத்தார்.

அன்றைய தலைப்பு, வீட்டில் அதிகம் களைத்துப்போவது கணவனா மனைவியா என்பது. மூன்று மணி நேரம் மாறிமாறித் தொண்டை கிழியப் பேசினார்கள். ஏசி குளிர், மெத்தை நாற்காலி. முதல் ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்த அப்பாவின் தலை மெல்ல நெஞ்சில் சாய்ந்தது, வாய் லேசாகத் திறந்தது. ஓரத்தில் நின்றிருந்தவளுக்கு எழுப்ப மனம் வரவில்லை. தூங்கட்டும் பாவம் என்று விட்டுவிட்டாள். கேமரா பாவபுண்ணியம் பார்க்காது என்பது ஏழு வாரமாக அங்கே குப்பை கொட்டியவளுக்குத் தெரியாதா என்ன? அசதியில் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து எடிட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். எடிட்டர் ஒரு தாடிக்காரர். நல்ல மனிதர், வேடிக்கை என்றால் மட்டும் உயிரை விடுவார். மனைவியர் பக்கம் பேசிய ஒரு பெண், எங்களைவிடக் களைத்தவர் இந்த அரங்கில் உண்டா என்று கேட்ட இடத்தில், அப்பாவின் தூங்கும் முகத்தைச் செருகி, கூடவே ஒரு குறட்டைச் சத்தத்தையும் சேர்த்திருந்தார். தயாரிப்பாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். இதை விளம்பரத்திலும் போடு என்றார். மறுபடி ஓட்டினார்கள், மறுபடி சிரித்தார்கள். முதல் முறை இவளும் கூடச் சேர்ந்து பல்லைக் காட்டி வைத்தாள். பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்துப் போடப்போவது அவர்தானே. மூன்றாம் முறை அப்பாவின் வாய் திறந்தபோது திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அது எங்கப்பா. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு, நான் கூப்பிட்டேன்னு வந்தவரு. அவரை எடுத்துடுங்க."

தயாரிப்பாளரின் முகத்தில் ஈயாடவில்லை. முன்னாலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று முனகிவிட்டு வெளியே போனார். சான்றிதழில் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும் என்று நினைத்தாள். தாடிக்காரர் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். கேட்டதோடு நிற்கவும் இல்லை. சிரித்த அப்பா, கைதட்டிய அப்பா, கைக்குட்டை அப்பா என்று அந்த முகம் தெரிந்த இடத்தையெல்லாம் தேடித்தேடி வெட்டினார். ஏழு வாரத்தில் முதல் முறையாக அன்றுதான் அவள் நிமிர்ந்து வீட்டுக்குப் போனாள்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி. அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். பேக்கிங் பிரிவில் ஒருவர் விடாமல் சொல்லியிருந்தாராம், சூப்பர்வைசரிடம்கூட. அம்மா தன் பங்குக்குச் சித்தியிடமும் சொல்லிவிட்டாள். அந்த முகம் ஒரு நொடிகூட வராது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இடைவேளை விளம்பரத்துக்குக்கூட அப்பா எழவில்லை. இதோ வரும் பார் என்று அம்மாவிடம் நாலு தடவை சொன்னார். இரண்டாம் வரிசை தெரியவேண்டிய நேரத்திலெல்லாம் படம் சட்டென்று வேறு பக்கம் தாவியது. நிகழ்ச்சி முடிந்ததும் சித்தியின் போன் அடித்தது. அம்மா எடுக்கவில்லை.

"தூங்கிட்டேன்ல, அதான் வெட்டிட்டாங்க," என்றார் அப்பா. "என்னால உனக்கு ஏதும் கெட்ட பேராம்மா?"

அதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. குறட்டை, சிரிப்பு, வெட்டச் சொன்னது தான்தான் என்பதுவரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அந்த ஆட்கள்மேல் அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள்.

"குறட்டை நான் விடுறதுதானே," என்றார். "சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. கம்பெனியில எல்லாரும் உன்ன டிவியில பார்த்தோம்னு எங்கிட்ட சொல்லியிருப்பாங்கல்ல." பிறகு, கோபமே இல்லாமல் கேட்டார்: "வெக்கம் யாருக்கும்மா, எனக்கா, உனக்கா?"

உங்களுக்காகத்தான் அப்பா என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார்.

"எனக்குத்தான்ப்பா," என்றாள்.

அப்பா தலையாட்டினார். ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. சலவைச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டார். தொழிற்சாலையில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று, பொத்தானைப் போட்டபடியே, அவளிடமே யோசனை கேட்டார்.