எச்சுமி மாமியின் குரல்

எச்சுமி மாமி சாகமாட்டாள். அதுதான் அந்தப் பொம்மை நாடகத்தின் சங்கதி. வாராவாரம் யமன் அவளைத் தேடி வருவான். அவள் ஏகாதசி என்பாள், எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறேன் என்பாள், மைத்துனர் பெண்ணுக்குச் சீமந்தம் என்பாள். பேசிப் பேசியே யமனைக் களைக்கவைத்து, பக்கத்தில் அகப்பட்ட யாரையாவது கூட்டிக்கொண்டு போகும்படி செய்துவிடுவாள். பெரிய காஞ்சிபுரம் பொருட்காட்சித் திடலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இதைப் பார்க்க வரும் கூட்டம், ஒவ்வொரு சாவுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

பொம்மைகளைச் செய்தவன் கண்ணாயிரம். மாகறல் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலத்தில் மனம் ஒட்டாமல் ஊருக்குள் வந்து, சினிமாக் கொட்டகைக்கு விளம்பர சிலைடு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தான். காகிதக் கூழில் தலை, உள்ளே கை நுழைக்க ஒரு பழைய துணிப் பை. எச்சுமி மாமிக்கு ஒரே பல், அதுவும் கோணல். யமனுக்கு மூக்குக்கண்ணாடி.

மாமிக்குக் குரல் கொடுத்தவள் குமுதவல்லி. இது கண்ணாயிரத்துக்கு மட்டுமே தெரியும்.

அவள் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளி ஆண்டு விழாவில் கண்ணாயிரம் பொம்மை காட்ட வந்த அன்று, பெண் குரல் பேசவேண்டிய ஆள் வரவில்லை. திரைக்குப் பின்னால் தண்ணீர் கொண்டுபோன குமுதவல்லி, சும்மா ஒரு வரி பேசிப் பார்த்தாள். அந்த வரியை யார் பேசியது என்று அவளுக்கே ஒரு கணம் புரியவில்லை. அதற்குப் பிறகு, டைப்ரைட்டிங் வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் திடலுக்குப் போனாள். இப்படி எட்டு மாதமாகிவிட்டது.

வீடு சின்ன காஞ்சிபுரத்தில், கோயில் பக்கத்துத் தெருவில். அப்பா ஹயக்ரீவன் கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவிப்பவர். அவருடைய காது அந்தத் தெருவில் பிரசித்தம். முப்பது பேர் சேர்ந்து சொல்லும்போது, கண்ணை மூடிக்கொண்டே, கடைசி வரிசையில் யார் குறிலை நெடிலாக்கினார் என்று சொல்லிவிடுவார். குமுதவல்லியின் அம்மா இறந்து பன்னிரண்டு வருஷம். அப்பாவும் பெண்ணும் மட்டுமே இருக்கும் அந்த வீட்டில் பேச்சு குறைவு. தளிகை ஆச்சா, ஆச்சு. கதவைச் சாத்தினியா, சாத்தினேன்.

கலகம் வந்தது 'நாமம்' என்ற நாடகத்தால். அதில் ஒரு கிழவர் இறந்துபோகிறார். பிணத்தின் நெற்றிக்கு வடகலை நாமம் இடுவதா, தென்கலை நாமம் இடுவதா என்று இரண்டு கட்சி உறவினர்கள் சண்டை போடுகிறார்கள். ஒருவர் இட்டதை இன்னொருவர் அழிக்கிறார். நாமத்தின் அடியில் மூக்கின்மேல் பாதம் வைக்கவேண்டும், கூடாது என்று பொழுது சாய்ந்துவிடுகிறது. எச்சுமி மாமி இரண்டு பக்கத்துக்கும் மாறிமாறி எண்ணெய் வார்க்கிறாள். கடைசியில் பிணமே எழுந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நீங்க பேசி முடியுங்கோ, நான் நடந்தே போறேன்" என்று மயானத்துக்குக் கிளம்பிவிடுகிறது.

மறுநாளே தெரு கொதித்தது. எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு கலையாரும் அன்று முதல்முறையாக ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். தெருப் பெரியவரான பாச்சாதான் கூட்டத்தைக் கூட்டியவர். பொம்மை காட்டுகிறவன் எவனோ வெளியாள், அவனைச் சொல்லிக் குற்றமில்லை என்றார். ஆனால் அந்த மாமி பேசுகிற பேச்சு நம் வீட்டுச் சமையலறைப் பேச்சு. உள்ளே இருந்து யாரோ போய்ப் பேசுகிறார்கள், அது யார் என்று தெரிந்தாகவேண்டும். ஹயக்ரீவன் ஒருதரம் கேட்டால் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம், ஞாயிற்றுக்கிழமை டைப்ரைட்டிங் வேண்டாம், என்னோடு வா என்றார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, யாராவது வாடிக்கையாக வருகிறார்களா என்று அவள் பார்க்கவேண்டுமாம்.

அந்த வாரம் குமுதவல்லிக்குக் கை எதிலும் நிற்கவில்லை. கரும்பலகையில் போட்ட கணக்கையே இரண்டு தரம் போட்டாள். அரிசியைக் களைந்து, களைந்ததை மறந்து, மறுபடி களைந்தாள். இரவில் புரண்டு படுத்தால் பாய் சத்தம் அப்பாவுக்குக் கேட்குமோ என்று அசையாமல் கிடந்தாள். சனிக்கிழமை பள்ளி விட்டதும் கண்ணாயிரத்தைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவன் தூரிகையைக் கழுவியபடியே கேட்டுக்கொண்டான்.

"நீ கவலப்படாத டீச்சர். நானே பேசிக்கிறேன். ஒரு நாளு தானே, சமாளிச்சிக்கினு போயிடலாம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு, இன்னும் வெயில் இருக்கையிலேயே திடல் நிறைந்துவிட்டது. ஆண்கள் பக்கம் முன் பெஞ்சில் ஹயக்ரீவனும் பாச்சாவும். பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் குமுதவல்லி, புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக.

கண்ணாயிரம் குரலை மேலே ஏற்றிப் பேசினான். மாமிக்குச் சளி பிடித்த மாதிரி இருந்தது. "இன்னிக்கி வர முடியாதுப்பா, வேலை இருக்குது" என்று மாமி சொன்னதும், மாமி எப்போ மாகறலுக்குக் குடிபோனாள் என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். சிரிப்பு. ஆனால் அது நாடகத்துக்கான சிரிப்பு இல்லை. இன்னொருவன் வேர்க்கடலைத் தோலை வீசினான். கண்ணாயிரத்துக்கு வரிகள் தடுமாறின. பொம்மையின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"எச்சுமி, கெளம்பு. நேரமாச்சு" என்றான் யமன்.

மாமி பதில் சொல்லவில்லை. திரைக்குப் பின்னால் கண்ணாயிரம் வாயடைத்துப்போயிருந்தான். யமனும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். மாமியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான் போலிருந்தது. எட்டு மாதத்தில் முதல்முறையாக எச்சுமி மாமி சாகப்போகிறாள் என்று குமுதவல்லிக்குத் தோன்றியது. அந்தச் சில நொடிகளை அவளால் தாங்க முடியவில்லை. பேசலாமா கூடாதா என்று அவள் யோசித்து முடிவெடுக்கவில்லை. குரல் வந்துவிட்டது.

"ஏண்டா, அழைச்சுண்டு போக வந்தவன் வாசல்ல காலை அலம்பிண்டயோ? நான் மடியா இருக்கேன். தள்ளி நில்லு, தொட்டுடாதே."

தலைகள் திரும்பின. பிறகு எழுந்த சிரிப்பில் பந்தல் துணியே ஆடியது. திரைக்கு மேலே பொம்மை மெதுவாகத் திரும்பி, நாலாவது வரிசையைப் பார்த்துக் கையை ஆட்டியது. கண்ணாயிரம் புரிந்துகொண்டான். அதன் பிறகு யமன் அங்கே கேட்க, மாமி இங்கே பதில் சொல்ல, குமுதவல்லி நாடகம் முடியும்வரை உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள். அப்பா இருந்த பக்கம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் பாச்சா வீட்டில் மறுபடி கூட்டம். பெண்ணைக் கூட்டிவந்து மன்னிப்புக் கேட்கவைக்க வேண்டும், இனி போகமாட்டேன் என்று பெருமாள் பெயரில் சொல்லவைக்க வேண்டும் என்றார்கள். ஹயக்ரீவன் எழுந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

"குரல் யாருதுன்னு கேட்டுச் சொல்லச் சொன்னேள். தெரிஞ்சுபோச்சு. அதுக்கு மேல நான் ஒண்ணும் ஒத்துக்கலை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வந்தவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். காலையில் கோஷ்டி தொடங்கும் நேரத்துக்குக் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். சமையலறையில் குமுதவல்லி அந்தக் காலடியையே கேட்டுக்கொண்டிருப்பாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. நாலாம் நாள் அவளே போய், இனி நான் போகவில்லை அப்பா, நீங்கள் கோயிலுக்குப் போங்கள் என்றாள்.

அவர் நடையை நிறுத்தவில்லை. "அந்தப் பிணம் நடந்தே போறேன்னு சொல்றதே, அதை யார் எழுதினா?"

"நான்தான்."

"உங்கம்மாவா அது?"

அவள் தலையசைத்தாள். அம்மா தென்கலை வீட்டுப் பெண். அம்மாவைக் கிடத்தியிருந்தபோது இரண்டு வீட்டாரும் அவள் நெற்றியை வைத்து வாதாடினார்கள். பதினாலு வயசுக் குமுதவல்லி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அம்மா எழுந்து போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று அன்று நினைத்தாள்.

ஹயக்ரீவன் ஜன்னலோரம் நின்றார். "அன்னிக்கு நான் வாயைத் திறக்கலை" என்றார். பிறகு, "ஊர்ல எல்லார் குரலும் தெரியும்னு பேர் எனக்கு. முன் பெஞ்சில உக்காந்துண்டு, யாரோ பேசறான்னுதான் நினைச்சேன். அத்தனை பேரும் உன்னைப் பார்க்கவும்தான் நானும் திரும்பிப் பார்த்தேன். இந்த ஆத்துல நீ உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லையே, குமுதா" என்றார்.

அவள், அடுப்பில் சாதம் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அவர் கோயிலுக்குப் போனார். கோஷ்டியில் யாரும் அவரோடு பேசவில்லையாம். யாரும் தடுக்கவும் இல்லையாம். முன் வரிசையில் அவர் இடத்தில் இன்னொருவர் நின்றதால், பின்னால் நின்று சேவித்துவிட்டு வந்ததாகச் சாப்பிடும்போது சொன்னார். பாச்சா இரண்டு இடத்தில் குறிலை நெடிலாக்கினார் என்பதையும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை குமுதவல்லி காலையிலிருந்தே உள்ளும் புறமுமாக அலைந்தாள். போவதா, வேண்டாமா? நாலு மணிக்குத் தலை வாரிக்கொண்டாள். நாலரைக்கு அதைப் பிரித்துவிட்டாள். மறுபடி வாரிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, டைப்ரைட்டிங் என்ற வார்த்தை பழக்கத்தில் வாய்வரை வந்து நின்றது. அப்பா விசிறியைக் கீழே வைத்தார்.

"திரும்பி வரச்சே பஸ் இருக்குமோ?"

"இருக்கும் அப்பா."

"சரி."

தெருவில் இறங்கியதும் கால்கள் தாமாக வேகமெடுத்தன. ஒவ்வொரு வாசலிலும் யாரோ நிற்பதாகவும் பேச்சை நிறுத்துவதாகவும் பட்டது. பாச்சாவின் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டாள். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பாச்சாவின் மனைவி அம்ருதவல்லி கதவிடுக்கில் நின்றிருந்தாள். உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இந்த வாரம் யமனோட யாருடி போறா?"

குமுதவல்லிக்கே அது இன்னும் தெரியாது. தெரியலை மாமி, பஸ்ஸில் யோசிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் விரைந்தாள்.