முதலில் மாற்ற வேண்டியது பாய்லர்

நிலவறைச் சுவரில் இருந்த நான்கு காற்றுத் துவாரங்களையும் கொத்தனார் பூசி அடைப்பதைப் பாய்லர்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால், கல்லூரி விடுதிக்கெல்லாம் வெந்நீர் அனுப்பும் எண்ணெய் பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது.

"இன்ஜினியரம்மா, மொதல்ல பாய்லரை எடுத்துட்டு, அப்புறந்தானே இதை அடைக்கிறதா இருந்துச்சு?"

"ஆமாண்ணே. புது மின்சார மெஷின் வர மூணு மாசம் ஆகுமாம். சூடு வெளிய போகாம இதையாவது அடைச்சாத்தான், இந்த வருஷ அறிக்கையில புகை குறைஞ்சதாக் காட்ட முடியும்."

"மாமியாருக்கு மூச்சு முட்டுமேம்மா! புகையை என் மேலதான் விடுவா." பாய்லரை அவர் 'மாமியார்' என்றுதான் அழைப்பார்.

சாப்பாட்டுத் தூக்குடன் வந்த அவர் மனைவி விடவில்லை. "எங்கம்மாவை ஒருநாளாவது இப்படிக் கவனிச்சிருப்பீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். "கதவைத் திறந்தே வச்சுக்கங்கண்ணே" என்றாள் பொறியாளர். நூற்றாண்டு கடந்த அந்தக் கட்டடங்களை இடிக்காமல் புதுப்பிக்கும் திட்டத்துக்காக இரண்டு வருடம் உழைத்தவள். கெட்டவள் அல்ல, அவசரக்காரி.

தானாக மூடிக்கொள்ளும் புதுக் கதவுக்கு அவர் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவைத்தார்.

மூன்றாவது வாரம், ஒரு காலையில் நிர்வாகக் குழு பார்வையிட வந்தது. வழியில் செங்கல் கிடப்பது அசிங்கமாகப் பட்டது. பொறியாளரே அதை எடுத்து ஓரமாக வைத்தாள். அவர்கள் போனதும் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். பாராட்டில் மறந்துபோனாள். பாய்லர் உறுமலில், கதவு மூடிக்கொண்டது அவருக்குக் கேட்கவில்லை.

மதியம் மனைவி கதவைத் தள்ளியபோது அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். "எந்திரிங்க, சாப்பாடு ஆறுது" என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் தொட்டுப் பார்த்தாள்.

'நச்சுப்புகையால் மரணம்; எதிர்பாராத விபத்து' என்று எழுதிய தாளைக் கல்லூரி முதல்வர் கையெழுத்துக்காக நீட்டினார். பொறியாளர் பேனாவைத் தொடவில்லை.

"அவர் எதிர்பார்த்தார் சார். என்கிட்ட சொன்னார். நான் சிரிச்சேன்." தாளைத் திருப்பி நகர்த்தினாள். "அறிக்கைக்காக வேலை வரிசையை மாத்தினது நான். அந்தச் செங்கல்லை எடுத்ததும் நான். காத்தைச் சுத்தமாக்குற திட்டமா இருந்தாலும், அங்க நின்னு வேலை பார்க்கிறவங்க சொல்றதைக் கேக்காம எதையும் தொடக் கூடாது சார்."

வாசலோரப் பெஞ்சில் இருந்த பாய்லர்காரரின் மனைவி தலைநிமிர்ந்தாள்.

"நல்லாத்தான் சொல்றீங்கம்மா. அதைக் கேக்கத்தான் அவரு இல்ல."