கூடவே நகர்ந்த புள்ளி

போன வருடத்துப் படத்தையும் அன்று காலை வந்த படத்தையும் ஸ்வர்ணலதா கணினித் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். இரண்டிலும் இரண்டு மங்கல் புள்ளிகள். நட்சத்திரமாகத் தேறாமல் பாதியில் நின்றுபோன பழுப்புக் குள்ளன் ஒன்று, அதை ஒட்டிக்கொண்டு இன்னொன்று. சாதாரணத் தொலைநோக்கிக்கு இரண்டும் ஒரே புள்ளிதான். ஹவாய் மலையுச்சியில் இருக்கும் பெரிய தொலைநோக்கி, காற்றின் நடுக்கத்தைச் சரிசெய்துகொண்டு எடுத்ததால்தான் பிரிந்து தெரிந்தன.

ஒட்டியிருந்தால் ஜோடியாகிவிடுமா? எங்கோ பின்னால் கிடக்கிற நட்சத்திரம்கூட நேர்க்கோட்டில் நின்று ஏமாற்றும். குள்ளன் வருடத்துக்கு வருடம் இடம் நகர்கிறவன். மற்றதும் கூடவே நகர்ந்தால் ஜோடி, தங்கிவிட்டால் இல்லை.

இதை வைத்து அவளும் புருஷன் பரணியும் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். விஜயபுரத்தில் கல்யாணம் முடிந்த நாற்பதாம் நாள் அவன் குவைத்துக்கு கிரேன் ஓட்டப் போய்விட்டான். அவள் திருப்பதியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். ஜோடி என்றால், ஒன்றையொன்று சுற்றுவதை இன்னும் மூன்று வருடம் படமெடுத்து அளக்க வேண்டும். இல்லையென்றால் இருப்பதை ஆய்வேடாக எழுதிக் கொடுத்துவிட்டு அவனிடம் போய்விடலாம்.

தன் கண்டுபிடிப்பு பொய்யாகிவிட வேண்டும் என்று எந்தப் பைத்தியமாவது வேண்டிக்கொள்ளுமா? இந்தப் பைத்தியம் வேண்டிக்கொண்டது. மூன்று முறை அளந்தாள். சுற்றியிருந்த நட்சத்திரங்கள் போன வருடத்து இடத்திலேயே கிடந்தன. அந்த இரண்டு மட்டும் ஒரே பக்கமாக, ஒரே அளவு நகர்ந்திருந்தன.

சந்தோஷம் பொங்கிக்கொண்டுதான் வந்தது. திரும்பிப் பார்த்தாள். சொல்வதற்கு அறையில் ஒருவரும் இல்லை.

வெள்ளிக்கிழமை குவைத்தில் விடுமுறையாதலால் மதியம் பரணி கூப்பிட்டான்.

"இன்னா ஸ்வர்ணா, படம் வந்துச்சா?"

ஜோடி இல்லை என்று ஒரு வார்த்தை போதும். குவைத்தில் கிரேன் ஓட்டுகிறவன் எங்கே போய்ச் சரிபார்க்கப் போகிறான்? அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"ஜோடிதான் மாமா. ரெண்டும் சேர்ந்துதான் போய்க்கினு இருக்குது."

அந்தப் பக்கம் பரணி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சூப்பர், ஸ்வர்ணா. நீ கண்டுபுடிச்சது சரின்னு ஆயிடுச்சி இல்ல?"

"ஆமா."

"இங்க ரெண்டு பேருக்குன்னு ஒரு ரூம் பாத்து வெச்சிருந்தன். ஜன்னல்லாம் பெருசு. பரவால்ல, வேணான்னு சொல்லிட்றன்."

என்னென்னவோ சொல்ல வேண்டும் போலிருந்தது. எதைச் சொன்னாலும் அழுதுவிடுவாள்.

"சோறு துன்னியா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.