படகில்லாத அந்தி

டோக்கியோவில் எங்கள் அச்சுக்கூடத்தில் ஒரு படத்துக்கு ஒரே தொகுதி மரப்பலகைகள்தான். இளஞ்சிவப்பு தடவினால் விடியல். அதிலேயே மையைக் கனமாக்கி, ஜன்னல்களுக்கு மஞ்சள் வைத்தால் அந்தி. படத்தில் ஓவியர் பெயர் இருக்கும். பலகையில் தாளை வைத்துத் தேய்த்துத் தேய்த்துத் தோள் இறங்கிப்போன என் பெயர் எந்த மூலையிலும் இருக்காது. போகட்டும், அந்த வயிற்றெரிச்சல் இப்போது எதற்கு.

போஷு கடற்கரைக் கிராமம் ஒன்றின் படத்துக்கு அந்திப் பிரதி போடத் தாள்களை நனைத்து வைத்திருந்தேன். மழையோடு ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் இசோ, அந்த ஊர்க்காரி. விடியல் பிரதியில் தனியாகப் போகும் ஒட்டுப்போட்ட பாய்மரப் படகு அவள் புருஷன் தோமெகிச்சியுடையதாம். ஓவியர் வரைந்த அந்தக் காலையில் போனவன் திரும்பவே இல்லை. வெறும் சவப்பெட்டியை வைத்துக் காரியத்தை முடி என்கிறார்கள் ஊரார். வீடு வந்து சேராத மனுஷனை எந்த வாசலிலிருந்து எடுப்பது என்கிறாள் இவள். அதே படத்துக்கு அந்தி போடுகிறோம் என்று ஓவியர் சொன்னாராம், உடனே புறப்பட்டுவிட்டாள். அந்தியானால் படகுகள் திரும்பும் அல்லவா.

பைத்தியமா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒரு தாளை எடுத்துக்கொண்டேன்.

பலகைக்குப் பலகை வானம் இருட்டிக்கொண்டே வந்தது. மழைச் சத்தம் எங்கே முடிகிறது, அலைச் சத்தம் எங்கே தொடங்குகிறது என்று எனக்கே பிடிபடவில்லை. கால் நனைகிறதோ என்று ஒருமுறை குனிந்துகூடப் பார்த்தேன்.

தாளை உரித்துக் காட்டினேன். படகை விரலால் காட்டினாள்.

"இருட்டியும் வெளியதானே போறாரு, அண்ணே."

படகின் மூக்கு கடலைப் பார்த்திருந்தது. மரத்தில் செதுக்கியதைத் திருப்ப என்னால் ஆகாது என்றேன்.

"அப்போ படகை எடுத்துருங்க."

"கடல் வெறிச்சோடிப் போயிடுமேம்மா."

"போகட்டும். மனுஷன் கரைக்கு வந்துட்டா கடல்ல எதுக்குப் படகு?"

இன்னொரு தாள் எடுத்தேன். கோடுகள் செதுக்கிய பலகையில் மை தடவி, படகு இருந்த இடத்தை மட்டும் துணியால் துடைத்தேன். அதன் நிறத்தையும் போடாமல் விட்டுவிட்டேன். முதலாளி பார்த்திருந்தால் அன்றே என் சீட்டைக் கிழித்திருப்பார். கடைசியில் உன் வீடு எது என்று கேட்டேன். மலையடியில் இருந்ததைத் தொட்டுக் காட்டினாள். அந்த ஜன்னலில் மட்டும் மஞ்சளை இன்னொரு தடவை அழுத்தினேன்.

ஈரத் தாளை இரண்டு கையாலும் வாங்கினாள். படத்தில் அந்த மஞ்சள் ஜன்னலருகே முகத்தைக் கொண்டுபோய், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று உள்ளே பார்த்து அதட்டினாள். அப்புறம்தான் அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "ஊர்ல சொல்லிடறேன், அண்ணே. இனிமே அவரை எடுக்கலாம்."