பட்டை இல்லாத குட்டிகள்

பிப்ரவரியில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து என் கணவர் சாம்சன் இறந்தார். மார்ச்சில் அவர் வளர்த்த மஞ்சள் பாம்பு ஜோடியில் பெண் ஆறு முட்டையிட்டது. பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. எங்கள் ஊர் தோணிரேவில் அதைப் பார்க்கவே பலர் பயந்தார்கள். கணவரின் அண்ணன் தானியேல் மட்டும் பயப்படவில்லை. மறுநாளே வாசலில் நின்றார்.

"என் ஆண் பாம்பை மூணு நாள் அதோட கூண்டுல விட்டான் இல்ல? முட்டை என்னுது. படகு குடுத்தவனுக்குப் பங்கு உண்டே."

"வலையில மீன் விழுந்தாதான மாமா பங்கு? உங்க பாம்பு அதைத் தொடவே இல்லன்னு நோட்டுல எழுதியிருக்காரு."

"செத்தவன் நோட்டை வெச்சு என்னை ஏமாத்துறியா? என் பாம்பு டபுள், தாய் தகப்பன் ரெண்டு பக்கமும் பட்டை வாங்கினது. குட்டி அத்தனைக்கும் முதுகுல பட்டை வரும்."

மீன் ஏலக்கூடத்திலும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். அங்கே ஏலம் விடும் பெருமாள் அண்ணன் முன்னால் நான் ஒப்புக்கொண்டேன்: பட்டை வந்தால் எல்லாம் அவருக்கு. முட்டைப் பெட்டியின் சூட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் மின்சாரம் பக்கத்திலிருந்த அவர் வீட்டு லைனிலிருந்துதான் வந்தது. முட்டை தன்னுடையது என்று நம்பியதால் அதைப் பிடுங்காமல் விட்டார்.

மே மாதம் குட்டிகள் வந்தன. இரண்டு வெளிறிய மஞ்சள், மூன்று சாதாரண மஞ்சள், ஒன்று பழுப்பு. எதிலும் பட்டை இல்லை.

"பட்டை இல்லாட்டி என்ன, விலை போற வெளுத்தது ரெண்டும் என்னுதுதான்," என்றார் தானியேல்.

சாம்சனின் நோட்டைப் பிரித்தேன். "பட்டை ஓங்கு பண்பு மாமா. தாயோ தகப்பனோ ஒருத்தர் கொடுத்தாலே தெரியும், ரெண்டு பேரும் கொடுத்தாலும் அதே மாதிரிதான் இருக்கும். உங்க பாம்பு டபுள்னா ஒரு குட்டியும் தப்பியிருக்காது. மஞ்சள் அப்படியில்ல, அது முழுசா ஓங்காத பண்பு. ஒருத்தர் கொடுத்தா மஞ்சள், ரெண்டு பேரும் கொடுத்தா இப்படி வெளுக்கும். உங்க பாம்புல மஞ்சளே கிடையாது. எங்க ஜோடி ரெண்டுலயும் இருக்கு."

சாட்சியாக வந்திருந்த பெருமாள் அண்ணன் சிரித்துவிட்டார். "டபுள்னு ஊரெல்லாம் சொன்னது நீதானப்பா!"

ஒரு பக்கம் மட்டும் பட்டை வாங்கிய ஒற்றை என்று சொல்லியிருந்தால், பட்டையில்லாமலும் பிறக்கும் என்று மற்ற நான்கு குட்டிகளுக்காவது தானியேல் சண்டை போட்டிருக்கலாம். பெருமை பேசிக் கெடுத்துக்கொண்டார்.

"புருசன் போயி நாலு மாசம் ஆகல, இன்னா வாய் உனக்கு!"

"இன்னும் இங்கயே கிடக்கிற உங்க பாம்பையும் எடுத்துனு போங்க."

தன் பாம்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர், போன வேகத்தில் லைனைப் பிடுங்கினார். குட்டிகள் முட்டையை விட்டு வெளியே வந்தாயிற்று. மே மாத வெக்கையே அவற்றுக்குப் போதும். எனக்குத்தான் மின்விசிறி இல்லை.