முழங்கைக்குத் தலையணை

மச்சினி தலைமாட்டில் நிறுத்தி வைத்த செடிப் படத்தைக் கண்ணாடிக்காரர் எடுத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நடுவில் அவர் மனைவி வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தாள். விடியும்போதுதான் மூச்சு நின்றிருந்தது.

"என்ன மாமா பண்றீங்க? அக்கா கடைசியா எடுத்த படம் அது. நேத்தே என் போன்ல ஏத்திக்கிட்டேன். ஸ்டுடியோக்காரரை வீட்டுல போய் எழுப்பி, பெரிசு பண்ணி வாங்கிட்டு வந்திருக்கேன்."

"இது வேண்டாம்மா. எடுக்கறப்போ கை ஆடியிருக்கு."

யாரோ 'உச்' கொட்டினார்கள். அவர் காதில் விழுந்தது. விழட்டும் என்று இருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆயுசில் பாதியை "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கேட்டே கழித்த மனுஷன். தெரியாததைத் தெரிகிறது என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

மனைவிக்கும் ஆகாது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் பாசி, புல்லின் பூ, சுவர் வெடிப்பில் எட்டிப் பார்க்கும் இலை என்று கேமராவோடு குப்புறப் படுத்துவிடுவாள். சொந்தபந்தம் எல்லாம் பார்த்துவிட்டு "சூப்பர்" என்பார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்க்காமலே சொல்கிற வார்த்தை அது என்பாள். பிறகு புருஷனிடம் நீட்டுவாள். கண் எங்கே போய் நிற்கிறது, எங்கே இடறுகிறது என்று அவர் பிட்டுப் பிட்டு வைப்பார். சண்டை வரும், சாப்பாடு ஆறிப்போகும். மறுநாள் அதே இலையை மறுபடி எடுப்பாள்.

"நேத்தும் இதைத்தானே சொன்னீங்க!" மச்சினிக்குக் குரல் ஏறியது. "எழுந்து உக்காரக்கூட முடியாம, ஜன்னல் ஓரத்துல முளைச்சிருந்த அந்தத் துளியூண்டு செடியை எடுத்துக் காட்டினா. இலை மேல இருக்கற பூனைமுடி தெரியல, செடியில விழ வேண்டிய கூர்மை பின்னாடி சுவத்துல போய் விழுந்திருக்கு, முழங்கைக்கு ஏதாவது அண்டக் கொடுத்துக்கோன்னு வாத்தியார் மாதிரி அடுக்கினீங்க. சாகக் கிடக்கறவகிட்ட பேசற பேச்சா அது? நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்திருக்கும்?"

கூடம் முழுக்க அவரையே பார்த்தது. தலையைக் குனிவார், மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தார்கள் போல. அவர் குனியவில்லை.

"சாகக் கிடக்கறவன்னு நீங்கல்லாம் முடிவு பண்ணிட்டீங்க. அவ பண்ணல. வந்தவங்க அத்தனை பேரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனப்புறம்தான் என்கிட்ட நீட்டினா. நானும் அதையே சொன்னா, நானும் அவளைக் கைகழுவிட்டேன்னு அர்த்தம். 'ஆமா, சொதப்பிட்டேன்'னு அவ வாயாலயே சொன்னா. அவளே வேண்டாம்னு தள்ளினதை அவ தலைமாட்டுல வைக்க விடமாட்டேன்."

"பின்னே எதை வைக்கறதாம்?"

"நல்லதா ஒண்ணு இருந்தா வைப்போம். இல்லேன்னா ஒண்ணும் வேண்டாம்."

மச்சினி பதிலுக்கு வாயெடுத்தவள் பாதியில் நின்றாள். முகம் மாறியது.

"நேத்து அதுக்கப்புறம் நீங்க மருந்து வாங்கப் போயிருந்தப்போ..." குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு தலையணையை மடிச்சு என் முழங்கைக்குக் கீழ வைடின்னா. வலிக்குது போலன்னு வச்சேன். கொஞ்ச நேரம் வெளிய இருன்னு துரத்திட்டா."

கண்ணாடிக்காரர் உள்ளே போய்க் கட்டிலோரம் கிடந்த கேமராவை எடுத்து வந்தார். மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார்.

அதே முளைதான். ஆனால் வேறு படம். இன்னும் விரியாத இரண்டு இலைகளின் விளிம்பில் பூனைமுடி தனித்தனியாக நின்றது. மேலே ஒட்டியிருந்த மண் துகள்கூடத் தெரிந்தது. அவருக்குக் கண் நிறைந்து எல்லாம் கலங்கிப் போயிற்று. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த மச்சினி வாய்விட்டு அழுதாள்.

"இப்பவாவது சொல்லுங்க மாமா."

"கூர்மை சரியான இடத்துல விழுந்திருக்குடி," என்றார் மனைவியைப் பார்த்து. சாப்பிடும்போது பேசுகிற சாதாரணக் குரல். "கை துளிகூட ஆடல. நல்லாருக்கு."

பின்னால் யாரோ நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்கள். அவர் முடிக்கவில்லை.

"ஆனா வலது ஓரத்துல ஜன்னல் கம்பி வெள்ளையாக் கோடு போட்ட மாதிரி நிக்குது. கண்ணு அங்கயே ஓடுது. அடுத்த தடவை ஒரு விரக்கடை இடப்பக்கம் நகர்ந்து எடு."

மச்சினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க மாமா? எந்தக் கம்பி?"

வாசல் வெளிச்சம் திரையில் அடித்து ஒன்றும் தெரியவில்லை. அவள் இரண்டு கைகளையும் குவித்து மறைத்துப் பிடித்தாள்.