பெயர் ஒட்டிய போத்தல்கள்

சாய்ந்தமருது ஸைனுலாப்தீனைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல மனிசன் என்றுதான் சொல்வார்கள். கல்முனைத் தபாற்கந்தோருக்கு எதிரே ஒரு மேசையும் பழைய தட்டச்சு மெசினும் வைத்துக்கொண்டு, சவூதிக்கும் கட்டாருக்கும் போகிறவர்களுக்குப் பாஸ்போட் விண்ணப்பப் போம் நிரப்பிக் கொடுப்பது அவர் தொழில். அதனால் எல்லோருக்கும் அவர் பாஸ்போட் மாஸ்டர். அவர் குடிப்பார் என்பது மட்டும் ஊருக்குத் தெரியாது. அதுவும் வேலிக்குப் பின்னால் விற்கிற கசிப்பு இல்லை, தவறணைச் சாராயமும் இல்லை. மனிசன் குடித்தது அமெரிக்காக்காரனின் பேர்பன் விஸ்கி. பாவம் செய்வதென்று வந்துவிட்டால் தரமாகச் செய்யவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

சரக்கு வந்த வழியைச் சொன்னால் சிரிப்பீர்கள். வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவன் ஒவ்வொருவனுக்கும் கட்டுநாயக்க விமான நிலையத்துக் கடையில் இரண்டு போத்தல் எடுக்க உரிமை உண்டு. எங்கள் பிள்ளைகள் அதைத் தொடுவதில்லை. மாஸ்டர் போமை நிரப்பிக் கையெழுத்தும் வாங்கிய பிறகு, குரலைத் தாழ்த்தி, கொழும்பில் தனக்குத் தெரிந்த தமிழ் டொக்டர் ஒருவருக்கு மருந்து வேலைக்குத் தேவைப்படுகிறது, வரும்போது எடுத்து வர முடியுமா என்று கேட்பார். கமீலாவின் புருசனுக்கும் அபூசாலியின் மகனுக்கும் அவர்தான் போம் நிரப்பினார், எப்படி மறுப்பார்கள்? கம்பளிக்கும் டாங் தூளுக்கும் நடுவில் துவாயால் சுற்றிய போத்தல் வந்து சேரும். அந்த டொக்டர் பிறக்கவே இல்லை.

போத்தல் போய்ச் சேர்ந்த இடம் பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவு. வயலோரத்தில், வாய்க்காலைப் பார்த்தபடி இருந்த அழகரெத்தினம் ஓவசியரின் வீடு. ஓவசியர் நீர்ப்பாசனக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வயதில் இங்கினியாகலையில் அணை கட்ட வந்த அமெரிக்கர்களுக்கு நிலம் அளக்கச் சங்கிலி பிடித்தவர். அங்கே ஒரு இஞ்சினியர் தகரக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்த முதல் மிடறை முப்பத்தைந்து வருசமாக அவர் மறக்கவில்லை. அவருக்கு அப்படி ஒரு மூக்கு. குடிப்பதைவிட மணந்து பார்ப்பதுதான் அவருக்குப் பெரிது. மூன்றாவது ஆள் மருதமுனை சாலிஹ் முதலாளி, சாரன் வியாபாரி.

மாதத்தில் ஒரு ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பிறகு மூவரும் கூடுவார்கள். காரைதீவில் நாலு பேருக்குப் போம் நிரப்ப வேண்டியிருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு மாஸ்டர் சைக்கிளில் வருவார். ஓவசியர் மூன்று கிளாசை வைத்துவிட்டு எப்போதும் அதே கேள்வியைத்தான் கேட்பார்: "இப்ப என்ன குடிக்கிறீங்க?" ஒவ்வொருவரும் தன் போத்தலின் குணத்தைச் சொல்லாமல் ஒரு சொட்டும் இறங்கக்கூடாது, அது சட்டம். பெயர்களை இங்கிலீசில் சொல்லி வாயை வருத்தாமல் லேபலில் இருந்த படத்தை வைத்தே கூப்பிட்டார்கள்: வான்கோழி, காகம், நாலு ரோசா. சாலிஹ் முதலாளிக்கு எல்லாமே துணிதான். நாலு ரோசாவின் நூல் மெல்லிசு, ஆனால் சாயம் போகாது என்பார். மாஸ்டர் வான்கோழிக் கட்சி. அது தொண்டையில் கோபமாக இறங்கி வயிற்றில் போய்ச் சமாதானமாகும் என்பார். கடைசியில் ஓவசியர் கண்ணை மூடி, கிளாசுக்குள் மூக்கை விட்டு, தீர்ப்புச் சொல்வார். சேனையில் சுட்ட சோளன் பொத்தி. வெல்லப் பாணி. மழை நனைத்த வைக்கோல். அடியில் சிரட்டைக் கரி. அவர் சொன்ன பிறகு குடித்தால் எல்லாம் அப்படி அப்படியே நாக்கில் வரும். அந்த இரண்டு மணித்தியாலம் மாஸ்டர் உண்மையாகவே சந்தோசமாக இருந்தார். வேறெங்கும் அவர் அவ்வளவு பேசிச் சிரித்ததில்லை.

பிறகு கராம்பு, ஏலக்காய், வாய்க்காலில் ஒரு முழுக்கு. ஈரத் தலையோடு மாஸ்டர் வீடு போய்ச் சேருவார்.

அல்லாஹ்வுக்குப் பயமில்லாதவர் என்று நினைக்கவேண்டாம். குடித்தவனின் தொழுகை நாற்பது நாளைக்கு ஏற்கப்படாது என்று எங்கோ ஒரு பள்ளிவாசல் பயானில் கேட்டது அவருக்குள் முள்ளாகத் தைத்திருந்தது. அதனால் நோன்புக்கு நாற்பது நாள் இருக்கும்போதே கிளாசைக் கவிழ்த்துவிடுவார். சாலிஹ் முதலாளியும் அப்படித்தான். பெருநாள் முடியும்வரை அவர்களின் போத்தல்களை ஓவசியர் நெல்மூட்டைகளுக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருப்பார். ஒன்றோடொன்று மாறிவிடாதபடி கடதாசித் துண்டில் கொட்டை எழுத்தில் பெயர் எழுதி, கோதுமை மாப் பசையால் ஒட்டுவார். எதற்குப் பெயர் என்று சாலிஹ் முதலாளி ஒருமுறை கேட்டார். நீங்கள் திரும்பி வரும்வரைக்கும் உங்கள் இடத்தில் உங்கள் பெயராவது இருக்கட்டும் என்றார் ஓவசியர்.

எண்பத்தைந்தாம் ஆண்டும் அப்படித்தான் ஒட்டினார். அந்த வருசம் மாஸ்டருக்குக் கூடுதலான கவனம் தேவைப்பட்டது. மகள் நதீராவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் வாப்பா கச்சிமுகம்மது மரைக்கார், பள்ளிவாசல் நிருவாகத்தில் பெரிய ஆள். குடிகாரன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத மனிசர். போம் நிரப்புகிற ஒருவனுக்கு இப்படி ஒரு சம்பந்தம் வாய்த்ததே என்று மாஸ்டரின் மனைவி சுபைறா இரண்டு நோன்பு பிடித்திருந்தாள்.

நாற்பதில் மூன்றாம் நாள் தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் நடுவில் கலவரம் வந்தது.

வயலுக்குப் போன இருவர் திரும்பவில்லை என்று இந்தப் பக்கத்தில் கதை. அந்தப் பக்கத்தில் வேறு கதை. எது முதல், எது பிறகு என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது. பகல் பத்து மணிக்குச் சாய்ந்தமருதுச் சந்தியில் நூறு பேருக்கு மேல் பொல்லுகளோடும் மண்ணெண்ணெயோடும் நின்றார்கள். நேற்றுவரை மாஸ்டரின் மேசை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகளும் அதில் நின்றார்கள். அவர்கள் சொன்னது ஒரு வீட்டைப் பற்றி. காரைதீவில் வாய்க்காலோரம், ஓய்வு பெற்ற ஓவசியர் ஒருவரின் வீடு. மாதாமாதம் அங்கே வெளியாட்கள் ரகசியமாகக் கூடுகிறார்கள், கதவைச் சாத்திக்கொண்டு கதைக்கிறார்கள். அது துவக்குத் தூக்கிய தமிழ் இயக்கத்தின் கூட்டம்தான், முதலில் அந்த வீட்டுக்கே போகவேண்டும் என்றார்கள்.

கூட்டத்தை மறித்துக்கொண்டு நின்றவர் கச்சிமுகம்மது மரைக்கார். மனிசர் வெயிலில் வியர்த்து, கையை விரித்துக்கொண்டு நின்றார். அவரை ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். மாஸ்டரைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது.

"மாஸ்டர், நீங்க அந்தப் பக்கம் போம் நிரப்பப் போய் வாற ஆள். இவனுகள் சொல்லுற அந்த வீட்ட உங்களுக்குத் தெரியுமா? அங்க என்ன நடக்கிது? ஒண்டுமில்ல எண்டு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும், நான் இவனுகள மறிச்சிருவன்."

ஒரு வார்த்தை. அங்கே கூடுவது நாங்கள்தான், நானும் மருதமுனைச் சாலிஹும், குடிக்கப் போகிறோம், ஓவசியர் கிளாசை மணந்து பார்க்கிற அப்பாவி மனிசர். இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. தெரிந்தவர் என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. அப்படியானால் கதவைச் சாத்திக்கொண்டு கூடுகிற வெளியாட்கள் யார் என்று அடுத்த கேள்வி வரும். மாஸ்டர் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். நதீராவின் கலியாணச் சேலை அலுமாரியில் மடித்தபடி இருந்தது ஞாபகத்துக்கு வந்தது. நூறு பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எனக்குத் தெரியா மரைக்கார். நான் அந்த வீட்டுப் பக்கம் போனதில்ல."

மரைக்காரின் கைகள் மெல்லக் கீழே இறங்கின. கூட்டம் அவரைத் தாண்டிப் போய்விட்டது. மாஸ்டர் வீட்டுக்கு வந்து, கதவைப் பூட்டி, லுஹர் தொழுதார். அந்தத் தொழுகை எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குத் தெரியாது. பின்னேரம் தெற்கே புகை எழும்பியதைச் சுபைறாதான் முதலில் கண்டாள்.

நோன்பு வந்து போனது. பெருநாளும் போனது. நதீராவின் நிக்காஹ் ஊரடங்குக்குப் பயந்து பகலில் நடந்தது, குறையில்லாமல் நடந்தது. சாலிஹ் முதலாளி இனித் தொடமாட்டேன் என்று பள்ளிவாசலில் தவ்பா செய்துவிட்டு, மாஸ்டரைத் தெருவில் கண்டால் மற்றப் பக்கத்தால் போகத் தொடங்கினார். மாஸ்டர் ஒருமுறை காரைதீவால் பஸ்ஸில் போகும்போது அந்த வீட்டுத் திசையைப் பார்த்தார். கூரை இல்லை. இரண்டு மாதம் கழிந்தும் நனைந்த கரியின் மணம் பஸ்ஸுக்குள் வந்தது. ஓவசியரும் மனைவியும் உயிரோடு தப்பித் திருக்கோவிலில் மனைவியின் தங்கை வீட்டில் இருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

ஆவணியில் றியாத்திலிருந்து ஒரு பையன் வந்தான். பழைய சொல்லை மறக்காமல் ஒரு வான்கோழிப் போத்தல் கொண்டுவந்து கொடுத்தான். மாஸ்டர் அதைப் பையில் போட்டுக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போய், பஸ் மாறி, திருக்கோவிலில் இறங்கினார். மன்னிப்புக் கேட்கப் போனாரா, பழையபடி மூன்று கிளாசை வைக்கப் போனாரா, அவருக்கே தெரியாது.

ஓவசியரின் மனைவி செல்லத்தங்கம் அவரைக் கண்டதும் கதிரை போட்டாள், தேத்தண்ணி வைக்கப் போனாள். ஓவசியர் பாதியாகிப் போயிருந்தார். நெற்றியிலிருந்து பின்தலைவரை ஒரு தழும்பு. ஆனால் போத்தலைக் கண்டதும் முகம் மலர்ந்தது. மூடியைத் திறந்து, கண்ணை மூடி, மூக்கைக் கொண்டுபோனார். நெடுநேரம் அப்படியே இருந்தார்.

பிறகு போத்தலை மேசையில் வைத்தார். தலையில் அடி விழுந்ததோடு மணம் தெரியாமல் போய்விட்டதாம், இனி அது திரும்பி வராது என்று மட்டக்களப்பு டொக்டர் சொன்னாராம். வான்கோழி என்றால் ஒருவேளை கொஞ்சமாவது வரும் என்று நினைத்ததாகச் சொன்னார். சோறு எரிந்தாலும் தனக்குத் தெரிவதில்லை என்று சொல்லிச் சிரித்தார். மாஸ்டருக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

"ஓவசியர், அண்டைக்குச் சந்தியில..." என்று தொடங்கினார்.

"தெரியும் தம்பி. வாசலுக்கு வந்தவங்களுக்கு நான் உன்ர பேரத்தான் சொன்னன். ஸைனுலாப்தீன் மாஸ்டரக் கேளுங்க, நான் ஆரெண்டு சொல்லுவார் எண்டன். கேட்டுட்டுத்தான் வாறம், அவருக்கு உன்னத் தெரியாவாம் எண்டான் ஒருத்தன்."

ஓவசியர் மூடியை மேசையில் வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அப்பதான் எனக்கு உன்ர மகளிர கலியாணம் ஞாபகம் வந்திச்சி. ஓம், நானும் ஆள் மாறிச் சொல்லிட்டன் எண்டுட்டு உள்ளுக்க ஓடினன்."

மிச்சத்தைச் சொன்னது தேத்தண்ணியோடு வந்த செல்லத்தங்கம். பின்கதவால் வாருங்கள், தங்கச்சியின் வீட்டுக்கு ஓடிவிடுவோம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாளாம். ஓவசியர் வரவில்லையாம். நெல்மூட்டைக்குப் பின்னால் குந்தி, ஒவ்வொரு போத்தலாக எடுத்து, எச்சில் தொட்டு, ஒட்டியிருந்த பெயரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாராம். நல்ல பசையாம், இலேசில் வரவில்லையாம். கடைசிப் போத்தலைச் சுரண்டும்போது பொல்லோடு உள்ளே வந்துவிட்டார்களாம். அவள் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு மாஸ்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"பேர் ஒண்டும் வெளிய போகல்லதானே தம்பி?"

"இல்லக்கா. போகல்ல."

"அது போதும்," என்றார் ஓவசியர். பிறகு போத்தலை மாஸ்டர் பக்கம் தள்ளினார். "நீ மணந்து சொல்லு. நான் கேட்டுக்கொண்டு இரிக்கிறன். இப்ப என்ன குடிக்கிற?"

மாஸ்டர் போத்தலை எடுத்தார். சோளன் பொத்தியைத் தேடினார். வெல்லப் பாணியைத் தேடினார். ஒரு பொய் சொன்னால் அந்த மனிசருக்கு ஆறுதலாக இருக்கும், பொய் சொல்லவும் அவருக்கு நன்றாக வரும். ஆனால் மூக்குக்குள் வந்தது பஸ்ஸுக்குள் வந்த அந்த மணம்தான்.

"கரி மணக்கிது, ஓவசியர்."

"வேற?"

"வேற ஒண்டுமில்ல."

ஓவசியர் தலையாட்டினார். போத்தலை வாங்கி, மூடியை இறுக்கித் திருகி, மாஸ்டரின் பைக்குள் தானே வைத்தார். இங்கே வைத்து இனி யாருடைய பெயரை ஒட்டுவது என்று கேட்டார். அதில் கோபம் இருக்கவில்லை.

மூன்று மணிப் பஸ்ஸில் மாஸ்டர் பையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார். அட்டாளைச்சேனையும் தாண்டி, காரைதீவும் தாண்டிவிட்டது. சாய்ந்தமருதுச் சந்தியில் இறங்கி வெகுநேரம் நின்றார். அந்தப் போத்தலைக் கொண்டுபோய் வைக்க அவருக்கு ஒரு வீடும் இருக்கவில்லை.